புண்ணியக் கணக்கை முடியுங்கள்

பார்ப்பதற்கென்றே சனம் வருகிற ஊர் இது. மலையைப் பார்க்க, மலையே சாமி என்று பார்க்க, சாமியைப் பார்த்த சாமியார்களைப் பார்க்க. பஸ்சுக்காரர், லாட்ஜுக்காரர், பூக்காரம்மா, சூடம் விற்கிறவர், தட்டேந்தும் அய்யர் எல்லாருக்கும் சோறு போடுவது அடுத்தவன் கண்தான். கார்த்திகையில் 2,668 அடி மலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும்போது 'பாத்தியா, பாத்தியா' என்று லட்சம் வாய் கத்துகிறது. திருவண்ணாமலை என்றால் தரிசனம். தரிசனம் என்றால் பார்வை.

இப்படிப்பட்ட ஊரில் கண் தெரியாத பிள்ளைக்கு எங்கே இடம்? கிரிவலப் பாதையின் ஓரம். 14 கிலோமீட்டரில் எங்கே வேண்டுமானாலும் துண்டு விரித்துக்கொள்ளலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலில் நடக்கிற கூட்டம் சில்லறை மாற்றிக்கொண்டு வருகிறது. இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம்வரை போட்டுக்கொண்டே போகிறது. போட்டவன் கணக்கில் புண்ணியம் வரவு.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பற்று யார் தலையில் விழுகிறது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கண் தெரியாத இளைஞனுக்கு நீட்டப்படும் தருமம், அவனுக்குச் சேரவேண்டிய பங்கை மறித்துக்கொண்டு நிற்கிறது. சேரியில் இந்த மறிப்பு இன்னும் உயரம். இதை உடைப்பது தலித் இயக்கத்தின் வேலை. 'அதுக்குன்னு சங்கம் இருக்குது, அவங்க பாத்துக்குவாங்க' என்று தள்ளிவிடுகிற வேலை இல்லை, தோழர்களே.

*

இந்த ஊர்ப் புராணத்தையே எடுத்துக்கொள்வோம். பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்ணைப் பொத்தினாளாம். உலகம் இருண்டு போச்சாம். அந்தப் பாவம் தீரக் காஞ்சியில் ஒரு தவம், அண்ணாமலையில் ஒரு தவம். அப்புறம்தான் இடப்பாகம் கிடைத்ததாம். கதையைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். இருட்டு என்றால் பாவம். பாவத்துக்குக் காரணம் பொம்பளை. பாவத்தைக் கழுவ உடம்பை வருத்த வேண்டும். இதைக் கேட்டு வளர்ந்த ஊர், கண் தெரியாமல் பிறந்த குழந்தையைப் பார்த்து முதலில் என்ன சொல்லும்? 'போன சென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ.' இரண்டாவதாகச் சொல்வது தாயைப் பார்த்து.

இந்த வசனம் நமக்குப் புதுசா? சேரியில் பிறந்ததற்கும் இதே போன சென்மக் கணக்கைத்தான் காட்டினார்கள். ஒரே பேரேடு, பக்கம் மட்டும் வேறே. முதல் பக்கத்தைக் கிழித்தெறிந்த நாம் இரண்டாவது பக்கத்தை ஏன் பத்திரமாக வைத்திருக்கிறோம்?

பார்வை என்பது இந்த நாட்டில் வெறும் கண் சம்பந்தப்பட்ட விஷயமாக எப்போதும் இருந்ததில்லை. யார் பார்க்கலாம், யார் கண்ணில் படலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்று இருந்ததை 1932இல் 'இந்து' பத்திரிகை எழுதியது. அண்ணல் அம்பேத்கர் அதை எடுத்து உலகத்துக்குச் சொன்னார். தீண்டாமைக்கு மேலே ஒரு பாராமை. அது பழங்கதை என்பவர்கள் நம் மாவட்டத்துத் தென்முடியனூருக்குப் போய் வரட்டும். அங்கே முத்துமாரியம்மனை நம் சனம் கோயிலுக்குள் போய்ப் பார்த்தது 2023 சனவரி 30ஆம் தேதி. அதுவும் போலீஸ் காவலோடு, மாவட்ட நிர்வாகம் கூட நிற்க. இரண்டு கண்ணும் நன்றாக இருந்தவர்களுக்கே தரிசனம் கிடைக்க இத்தனை காலம்.

ஆக, கண் இருந்தும் பார்க்கவிடாமல் தடுக்கப்பட்டவர்கள் நாம். கண் இல்லாததைக் காரணம் காட்டி ஒதுக்கப்படுகிறவர்களை அந்நியமாகப் பார்க்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

*

'கண்ணு போறது விதி' என்பார்கள். விதி யார் வீட்டு வாசல்வழி வருகிறது என்று பார்ப்போம்.

வைட்டமின் ஏ சத்துக் குறைவால் குழந்தைகளின் கண் போகிறது என்று தெரிந்து, அதைத் தடுக்க 1970இலேயே நடுவணரசு ஒரு திட்டம் போட்டது. ஒன்பதாம் மாதத்தில் ஆரம்பித்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயில் ஊற்றுகிற மருந்து. கீரையும் முட்டையும் பாலும் தினமும் கிடைக்கிற வீட்டில் இந்த நோய்க்கு வேலை இல்லை. அரைவயிற்றுப் பிள்ளைக்கு அம்மை போட்டால் கருவிழியே கரைந்து போகும். பசி கண்ணைத் தின்கிறது. இதற்குப் பேர் விதியா?

அடுத்தது வயல். நெல் அறுக்கும்போது கதிர்முனை குத்தும். கரும்பு வெட்டும்போது சோகை கீறும். புண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். 1994இன் முதல் மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் வயல்வேலை செய்தவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட கண்ணில் அடிபட்டு வந்தவர்கள். பட்டாக்காரன் கண்ணில் சோகை குத்துவதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதிக்குள்ளே, சொந்தத்துக்குள்ளே, மாமனுக்கே கட்டிவைக்கும் வழக்கத்தால் சில பரம்பரைக் கண்நோய்கள் கூடுகின்றன என்று மருத்துவம் சொல்கிறது. நம்ம சனமும் இதற்கு விலக்கில்லை. அகமணம்தான் சாதியின் ஆணிவேர் என்று அண்ணல் 1916லேயே காட்டினார். அந்த வேர் பிள்ளைகளின் விழித்திரைவரைக்கும் ஓடுகிறது. அதற்காகப் பிறந்த பிள்ளையைத் தண்டனை என்று பார்க்கிற எவனையும் கிட்டே சேர்க்காதீர்கள். தப்பு சாதியின் மேல். பிள்ளையின் மேல் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கில், இந்தியாவில் நூற்றுக்கு 2.21 பேர் உடல் மனக் குறைபாடு உள்ளவர்கள். பட்டியல் சாதிகளில் 2.45 பேர். இந்தச் சின்ன இடைவெளிக்குள் எத்தனை லட்சம் பசித்த வயிறு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு என்றதும் இன்னொரு மாயத்தையும் சொல்கிறேன். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 9,64,063 பேர். 2011இல் 1,27,405 பேர். பத்து வருசத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் கண் திறந்துவிட்டதா? எந்தச் சாமி செய்த அற்புதம்? ஒன்றுமில்லை. கேள்வி கேட்ட விதம் மாறியது, ஆளைக் காணோம். யாரைக் கண் தெரியாதவர் என்று எழுதுவது என்பதைக் கண் தெரிந்த அதிகாரி தீர்மானிக்கிறார். சேரியை எண்ணாமல் விட்ட கைதான் இவர்களையும் எண்ணாமல் விடுகிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை 2027க்குத் தள்ளி, சாதியையும் கேட்பதாக அறிவித்திருக்கிறார்கள். அப்போது நம் காலனிக்கு வருகிற ஆசிரியர் எந்தக் கட்டத்தில் எதை எழுதுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க இப்போதே ஆள் தயார் பண்ணுங்கள்.

*

தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு காலனி. பேர் வேண்டாம். தாயும் மகளும். மகளுக்கு 19 வயது. ஐந்து வயதில் காய்ச்சலோடு பார்வை போனது. தகப்பன் கல்லுடைக்கப் பெங்களூர்ப் பக்கம் போனவர், எப்போதாவது வருகிறார். அந்தத் தாய் என்னிடம் சொன்னது:

'இன்னா பண்ணச் சொல்ற தம்பி? நான் கூலிக்குப் போனா இவள யாரு பாக்கறது? போவலன்னா அடுப்ப யாரு பாக்கறது? சர்ட்டிபிகேட்டுக்கு மூணு வாட்டி டவுனுக்கு அலைஞ்சேன். மூணு நாள் கூலி போச்சு. டாக்டர் லீவுன்னாங்க, கம்ப்யூட்டர் வேல செய்யலன்னாங்க. கோயிலாண்ட உக்கார வெய்யி, நல்லா சில்ற வுழும்னு எங்க பெரியம்மாவே சொல்றா. நான் வெக்கமாட்டேன் தம்பி. நான் செத்தாலும் வெக்கமாட்டேன்.'

குடும்பத்துக்கு உதவி என்று பேசுகிற எல்லாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் கண் தெரியாதபோது வீட்டில் இரண்டு பேர் கூலி நிற்கிறது: பிள்ளையுடையது, கூட இருக்கிற தாயுடையது. தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளி உதவித்தொகையை 2023 சனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியது. முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 50 ரூபாய். தாயின் கூலி அந்தக் கணக்கில் வரவே இல்லை. பாசம் என்று பேர் வைத்து அவள் உழைப்பை அரசும் ஊரும் சேர்ந்து இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. வெட்டிவேலை வாங்கிப் பழகிய சமூகத்துக்கு இதுவும் ஒரு வெட்டிவேலை.

அந்தப் பெண் படித்தவள். பத்தாவது பாஸ். பன்னிரண்டாவதில் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். 'எனக்குப் பதில் தெரியும்ணா. எழுத வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. கணக்குப்பதிவியல்ல நான் பற்றுன்னு சொல்றது அவங்க வரவுல எழுதியிருக்காங்க.' கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: 'எனக்குக் கண்ணு கேக்கலண்ணா. நல்லா எழுதற கை ஒண்ணு கேக்கறேன்.'

எல்லா அறிக்கைகளையும்விட இந்த ஒரு வாக்கியம் பெரிசு.

2016 சட்டம் என்ன சொல்கிறது? 6 வயதிலிருந்து 18 வயதுவரை இலவசக் கல்வி. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள். உயர்கல்வியில் நூற்றுக்கு 5 இடம். அரசு வேலையில் நூற்றுக்கு 4, அதில் 1 பார்வையற்றவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். 2018இல் வந்த நடுவணரசு வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிசத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்றது. எழுதும் ஆளைத் தேர்வரே கூட்டி வரலாம் என்றது. நல்ல விதிதான். ஆனால் யாருக்கு? அக்கிரகாரத்துப் பையனுக்குக் கல்லூரி படிக்கிற சித்தப்பா மகன் வந்து எழுதுவான். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசல் மிதித்த சேரிப் பொண்ணு யாரைக் கூட்டி வருவாள்? ஆயாவையா? விதி எல்லாருக்கும் ஒன்று, சொந்தபந்தம் ஒன்றில்லையே. சாதி ஒளிந்துகொள்கிற இடம் இந்த மாதிரி 'பொது' விதிகள்தான்.

*

என் மேசைக்கு வருகிறேன். கண் தெரியாதவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, லாக்கர், கடன் எதையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனில் சுற்றறிக்கை விட்டது. ஒரு கிளையில் நான் கண்ணால் பார்த்தேன். கையெழுத்துப் போடத் தெரிந்த பட்டதாரிப் பையன். 'ரேகை வை. செக் புக்கெல்லாம் உனக்கு எதுக்கு? கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வா' என்றார் மேலதிகாரி. சுற்றறிக்கையை எடுத்துப் போய் மேசையில் வைத்த பிறகுதான் புத்தகம் வந்தது. கூட வருகிற ஆள் மாமனாக இருப்பான். மாமன் கையில் பாஸ்புக், மாமன் சட்டைப்பையில் அட்டை. உதவித்தொகை மாமன் குடிக்கிற கடைக்குப் போகும். இதுதான் பாதுகாப்பாம்!

ரூபாய் நோட்டைத் தொட்டுப் பாருங்கள். பழைய 100 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். விரலுக்குத் தெரியும். 2016 நவம்பருக்குப் பிறகு வந்த நோட்டுகளில் 100, 200, 500 மூன்றும் ஒரே அகலம், 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. இடையில் வெறும் 4 மில்லிமீட்டர். மேடாக அச்சடித்த குறிகள் நாலு சந்தை பார்த்தால் தேய்ந்து மழுங்கிவிடும். கறுப்புப் பணத்தைப் பிடிக்கிறேன் என்று கிளம்பியவர்கள், சந்தையில் கீரை விற்கிற கண் தெரியாத அம்மாவின் விரலிலிருந்து பணத்தைப் பிடுங்கினார்கள்.

அப்புறம் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு. செல்போன் கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. யாரிடம்? கண்ணே இல்லாதவரிடம்! அமிலத்தில் முகம் எரிக்கப்பட்ட பெண்ணிடம்! அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரல் 30ஆம் தேதி உச்சநீதிமன்றம், இந்த மின்னணு வழிகள் எல்லாருக்கும் எட்டும்படி இருப்பது வாழும் உரிமையின் பங்கு என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருசம் மார்ச் 3ஆம் தேதி, கண் தெரியாதவர் நீதிபதி வேலைக்கு வரக்கூடாது என்ற விதியையும் தூக்கிப் போட்டது. இதெல்லாம் யாரும் போட்ட பிச்சை கிடையாது. சம்பந்தப்பட்டவர்களே படியேறி வாங்கியது.

*

கர்நூல் மாவட்டத்தில் 2011இல் ஒரு கொடுமை. பிறவியிலேயே கண் தெரியாத, பட்டியல் சாதியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணை ஒருவன் பாலியல் வன்கொடுமை செய்தான். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 2021 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, சாதியும் பெண் என்பதும் பார்வையின்மையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே உடம்பை நெரிப்பதைப் பல பக்கம் எழுதியது. ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது. சாதிக்காகத்தான் செய்தான் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். 2016 சனவரியில் அந்தப் பிரிவின் வாசகம் திருத்தப்பட்டுவிட்டது. இந்தக் குற்றம் அதற்கு முந்தியது.

சட்டம் இருக்கட்டும். நாம் எப்படி? ஊனமுற்றோர் சங்கத்துக்குப் போனால் 'இங்க சாதி பேசாதீங்க, நம்ம எல்லாரும் ஒண்ணு' என்கிறார்கள். நம் கூட்டத்துக்கு வந்தால் 'முதல்ல சாதி ஒழியட்டும், மத்ததெல்லாம் அப்புறம்' என்கிறார்கள். இரண்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறாள் அந்தத் தண்டராம்பட்டுப் பெண். 'முதலில் சுதந்திரம், சாதி அப்புறம்' என்று காங்கிரஸ்காரன் சொன்னபோது நமக்கு எப்படி எரிந்தது? அதே வார்த்தை நம் வாயில் எப்படி இனிக்கிறது?

நம் கவிதைகளையும் கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டும். 'குருட்டுச் சமூகமே', 'குருட்டுப் பக்தியே', 'கபோதி அரசே'. எதிரியைத் திட்ட நம்மவர்களுக்குக் கிடைக்கிற முதல் சொல் இதுதான். நம் சாதிப் பேரை வசவாக்கினவனை நாம் விட்டோமா? கருப்பு என்றால் கெட்டது என்ற அழகியலை உடைக்கத் தெரிந்த கவிஞனுக்கு, கண்ணின்மை என்றால் அறியாமை என்ற அழகியலை உடைக்கத் தெரியாதா? அரசு 'மாற்றுத்திறனாளி' என்று பேரை மாற்றிக்கொண்டது. நாக்கு மாறவில்லை.

*

லூயி பிரெய்ல் ஒரு சேணம் தைப்பவரின் மகன். சின்ன வயதில் பட்டறை ஊசி குத்திக் கண் போனது. அவர் 1829இல் ஆறு புள்ளி எழுத்தை வெளியிட்டார். கண் தெரிந்த வாத்தியார்கள் அதை ஏற்கவில்லை. தங்களுக்குப் படிக்க வராத எழுத்தில் பிள்ளைகள் படித்தால் அதிகாரம் போய்விடும் அல்லவா? அவர் செத்து இரண்டு வருசம் கழித்து 1854இல்தான் பிரான்சு அதை ஏற்றது. மாணவர்கள்தான் அதுவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளை 2006இல் ஆரம்பித்தவர் ஆஸ்திரேலியாவில் கண் தெரியாத ஒரு இளைஞர். அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவருக்கும் கண் தெரியாது. காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தார்கள். எழுத்து மறுக்கப்பட்டவன் எழுத்தை உண்டாக்குகிறான். இந்தச் சரித்திரம் நமக்கு அந்நியமா?

1954இல் அண்ணல் உடம்பு முடியாமலும் பார்வை மங்கியும் மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார். ஆனாலும் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை முடித்துவிட்டுத்தான் 1956 டிசம்பரில் கண் மூடினார். கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்தவர் உதவியாளர் நானக் சந்த் ரத்து. ரத்து அண்ணலுக்குத் தருமம் செய்தார் என்று யாராவது சொல்வார்களா? தோழர் வேலை செய்தார். நாம் செய்ய வேண்டியது அந்த வேலைதான்.

மாணவத் தோழர்களே, வேலையைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு காலனியிலும் கண் தெரியாத பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை வீட்டு மூலையில் இருந்தால் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் நீங்கள் அலையுங்கள். அந்தத் தாயின் ஒரு நாள் கூலி மிஞ்சட்டும். பூந்தமல்லி, திருச்சி, தஞ்சாவூர் அரசு பார்வையற்றோர் பள்ளிகளில் சேர்ப்பது எப்படி என்று தெரிந்துவைத்துக்கொண்டு வீட்டில் பேசுங்கள். பொண்ணாக இருந்தால் இரண்டு தடவை பேசுங்கள்.

பரீட்சைக்கு எழுதப் போகிறவர்களின் பட்டியலை ஊருக்கு ஊர் தயார் செய்யுங்கள். தப்பில்லாமல், வேகமாக, சொன்னதை மட்டும் எழுதுகிற கைகள். பாடப் புத்தகத்தை வாசித்து ஒலிப்பதிவு பண்ணுங்கள். கையில் இருக்கிற செல்போன் போதும். இந்தப் பத்திரிகையும் குரலாக வரவேண்டும். வராதவரைக்கும் இதுவும் கண் தெரிந்தவர்களின் பத்திரிகைதான்.

கூட இருந்து பார்த்துக்கொள்ளும் தாய்க்குத் தனி ஊதியம் வேண்டும் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் நிலமீட்புக்குப் பக்கத்தில் ஏறவேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற இடஒதுக்கீட்டில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு துறையிலும் தகவல் கேட்டு மனுப் போடுங்கள். மேடையில் அவர்களைப் பாடச் சொல்லிக் கைதட்டுவதை நிறுத்திவிட்டு, கமிட்டியில் உட்கார வைத்து ஓட்டுக் கொடுங்கள்.

பரிதாபப்படுகிறவர்கள் யாரும் வரவேண்டாம். அவர்களுக்குக் கிரிவலப் பாதை இருக்கிறது. தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு பொண்ணு பன்னிரண்டாவது பரீட்சையைத் திரும்ப எழுதக் காத்திருக்கிறாள். பற்று எது, வரவு எது என்று அவளுக்குத் தெரியும். பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள்.